போக மறுத்த மாம்பழ மஞ்சள்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் கல்யாணத்துக்கு முகூர்த்தப் பட்டு எடுத்த நாளில் பிடித்த போட்டோக்கள் எதிலும் என் முகம் கிடையாது. முதுகு இருக்கிறது. பச்சைக் கட்டம் போட்ட சட்டைக்குள் ஒரு முதுகு, எல்லோருக்கும் பின்னால், கம்ப்யூட்டரைப் பார்த்தபடி. சில படங்களில் அந்த முதுகுக்கு ஒரு கையும் மேலே தூக்கியிருக்கும், ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி. வீட்டுக்கு வருகிறவர்கள் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு "மாப்பிள்ளை வரலையா?" என்று கேட்டால், என் மனைவி கல்பனா அந்த முதுகை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுக் காபி போடப் போய்விடுவாள். மிச்சத்தை நான்தான் சொல்லியாக வேண்டும். அதனால் இங்கேயும் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் ஆரணிக்காரன். வேலை செய்யாறு தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில். (பிரிவு என்றால் நானும் ஒரு பிரிண்டரும்.) கம்பெனியில் என்னை யாரும் மதிப்பதில்லை. ஆனால் ஊரில் எனக்கு 'சாஃப்ட்வேர் சிவா' என்று பெயர். அந்தப் பெயர் கொடுத்த திமிரில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் பட்டுக்கடை வைத்திருக்கும் தாமோதரன் அண்ணனுக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒரு ஸ்டாக் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன்.

பெரிய சர்வர் எல்லாம் இல்லை. ஒரே ஒரு ஃபைலுக்குள் அடங்கிவிடும் குட்டி டேட்டாபேஸ். அதற்குள் ஒரு அட்டவணை. அட்டவணையில் ஒரு வரிசை என்றால் கடையில் ஒரு புடவை என்று அர்த்தம். புடவை விற்றதும், பில் போடும் சாந்தி அக்கா ஒரு பட்டனை அமுக்குவார். அந்த வரிசை அழிந்துவிடும். அழியாமல் இருக்கும் புடவைகள் மட்டும் படத்தோடு வாடிக்கையாளர்களின் போனில் தெரியும். இவ்வளவுதான் விஷயம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். நான் அதற்குள் எவ்வளவு அறிவைக் கொட்ட முடியுமோ அவ்வளவையும் கொட்டி வைத்திருந்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கல்பனாவுக்கு ஊர் வெம்பாக்கம். செய்யாறில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நிச்சயம் முடிந்து போனில் பேச ஆரம்பித்த புதிதில், நான் ஏதேதோ அளப்பேன், அவள் "உம்" கொட்டுவாள். அது வேணும் இது வேணும் என்று ஒன்றும் கேட்கமாட்டாள். கேட்டது ஒரே ஒரு தடவைதான்.

"எங்க அக்கா கல்யாணத்துல பொடவ எடுக்கப் போனப்போ, பெரியவங்க பத்து பேரு சுத்தி உக்காந்துகினு அவங்களே எடுத்துட்டாங்க. அக்காவ யாரும் ஒரு வார்த்த கேக்கல. தாலி கட்டின அன்னிக்குக் கட்டினதுதான், அதுக்கப்புறம் அக்கா அந்தப் பொடவயத் தொட்டதே இல்ல. பீரோவுல கீது. எனக்கு அப்படி ஆவக்கூடாது."

"ஆவாது," என்றேன்.

"மாப்பிள்ள வீட்டுப் பொடவ. எங்க வீட்ல யாரும் வாயத் தொறக்க முடியாது. நீங்கதான் என் பக்கத்துல இருக்கணும்."

"பக்கத்துலயே இருப்பேன். உன்னக் கேக்காம ஒருத்தரும் எடுக்க முடியாது. நான் பார்த்துக்கறேன்."

என்ன கம்பீரமாகச் சொன்னேன் தெரியுமா? இப்போது நினைத்தாலும் அந்தப் போனைப் பிடுங்கி எறியலாம் போலிருக்கிறது.

அடுத்த நாளே அவள் போனில் தாமோதரன் அண்ணன் கடையின் இணையப் பக்கத்தில் தேடிப்பார்த்து ஒரு புடவைப் படத்தை அனுப்பினாள். மாம்பழ மஞ்சள் உடம்பு, அரக்கு பார்டர், உடம்பெல்லாம் பொடிப்பொடியாக மயில். இது இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். நானும் என் லேப்டாப்பைத் திறந்து அவள் பார்த்த அதே பக்கத்தைப் பார்த்தேன்.

"இருக்கு."

"நேர்ல பார்த்தீங்களா?"

"கல்பனா, நான் எழுதின புரோகிராம். அது இருக்குன்னா இருக்கும்."

கடை எங்கள் வீட்டிலிருந்து பொடிநடைத் தூரம். போய் அந்தப் புடவையைக் கண்ணால் பார்த்து, "இதை எடுத்து வைங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு என்ன கேடு? போகவில்லை. செருப்பு மாட்டச் சோம்பல். அதைவிட, நான் எழுதியதைப் போய்ச் சரிபார்ப்பதா என்ற வீம்பு.

பட்டு எடுக்க வெள்ளிக்கிழமை குறித்தார்கள். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் எடுத்து, மஞ்சள் குங்குமம் வைத்துப் பெண் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். வெம்பாக்கத்திலிருந்து பெண் வீட்டார் விடிகாலையிலேயே வேன் பிடித்தும், வழியில் டயர் பஞ்சராகி, வந்து இறங்கும்போதே பாதி நல்ல நேரம் ஓடிவிட்டிருந்தது. கல்பனாவின் மாமா வேனிலிருந்து இறங்கியதும் எனக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை, "ஜல்தி, ஜல்தி" என்றுதான் சொன்னார். அப்போது பிடித்த படபடப்பு எனக்கு அன்று முழுக்க அடங்கவில்லை.

எங்கள் பக்கத்துத் தளபதி நாகம்மா பெரியம்மா. அப்பாவின் அண்ணன் மனைவி. எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் புடவை எடுப்பது அவர்தான். எடுப்பது என்றால், மற்றவர்கள் பார்ப்பார்கள், அவர் எடுப்பார். அவருக்குக் கத்திரிப்பூ நிறத்தின் மேல் அப்படி ஒரு பக்தி. எங்கள் குடும்பத்தில் பாதிப் பெண்கள் கத்திரிப்பூ நிறத்தில்தான் தாலி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கடையில் வெள்ளை விரிப்பில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் கல்பனா பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். (அதையாவது குறித்துக்கொள்ளுங்கள்.) அவள் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நான் சபையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அண்ணே, அந்த மாம்பழ மஞ்சள், மயில் போட்டது, அத எடுங்க" என்றேன்.

தாமோதரன் அண்ணன் முகம் மலர்ந்தது.

"அதுவா? அது நல்ல எடத்துல வாழப் போயிருக்குப்பா."

"எங்க? கோடவுனுக்கா?"

"திருவண்ணாமலையில ஒரு பொண்ணு. மகாலட்சுமியாட்டம் இருந்தா. போன மாசமே கல்யாணம் முடிஞ்சிச்சு."

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கடையில் 'இல்லை' என்ற சொல் புழங்காது. புடவை தீர்ந்தால் "நெறஞ்சிடுச்சு" என்பார். கடை மூடும் நேரத்தில் "லைட்ட அணை" என்று யாராவது சொன்னால் கோபம் வந்துவிடும். ட்யூப்லைட்டைக்கூட "குளிர வைங்க" என்றுதான் சொல்ல வேண்டும். முந்தின நாள் அப்பா போன் செய்து, "அந்த மஞ்சள் பொடவ இருக்குதுங்களா?" என்று கேட்டதற்கு, "எல்லாம் நெறஞ்சு கீது, கெளம்பி வாங்க" என்று சொல்லியிருக்கிறார். அப்பா அதை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை, மகனின் புரோகிராமும் அதையேதான் சொன்னது.

கல்பனா என்னைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. கோபம்கூட இல்லை, "சரி, இப்ப இன்னா பண்ணலாம்?" என்கிற பார்வை. அந்த இடத்தில் கொஞ்சமாவது மூளை இருக்கிறவன், "தப்பு என்னுதும்மா, வா, வேற பார்க்கலாம்" என்று சொல்லியிருப்பான். நான் எழுந்து நின்றேன்.

"அப்ப கம்ப்யூட்டர்ல எப்படி இருக்கு?"

பில் மேசையிலிருந்து சாந்தி அக்கா குரல் கொடுத்தார். "நான் அமுக்கினேன் சிவா. ஒரு தடவைக்கு நாலு தடவ அமுக்கினேன். 'அழிக்கப்பட்டது'ன்னு சொல்லுது, ஆனா போவல. உங்கிட்ட சொன்னதுக்கு, ரெஃப்ரெஷ் பண்ணுங்கக்கான்னு போன வெச்சிட்டியே."

கல்பனாவின் மாமா ரொம்ப சாதுவாகச் சொன்னார். "மாப்பிள்ள புரோகிராம் நல்லாத்தான் கீது. பொடவதான் இல்ல."

விரிப்பே சிரித்தது. 'இல்ல' என்ற சொல் காதில் விழுந்து தாமோதரன் அண்ணன் மட்டும் முகத்தைச் சுளித்தார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. சாந்தி அக்கா சரியாக அமுக்கியிருக்கமாட்டார், அல்லது கம்ப்யூட்டர் பழுது, எதுவாக இருந்தாலும் தப்பு என்னுடையது இல்லை என்று அங்கேயே, அப்போதே நிரூபித்தாக வேண்டும்.

"ரெண்டே நிமிஷம்," என்று சொல்லிவிட்டு பில் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். விரிப்புக்கு என் முதுகு. கல்பனாவுக்கும் எனக்கும் நாலடி தூரம் இருக்கும்.

முதலில் நானே பட்டனை அமுக்கினேன். 'அழிக்கப்பட்டது' என்று பச்சையாக வந்தது. பட்டியலைத் திறந்தேன். மாம்பழ மஞ்சள், மயிலோடு, சிரித்துக்கொண்டிருந்தது. மறுபடி அமுக்கினேன். மறுபடி அழிக்கப்பட்டது. மறுபடி மயில்.

சரி, புடவை எண்ணில்தான் கோளாறு. எண்ணை எண்ணாகச் சேமித்துவிட்டு எழுத்தாகத் தேடினால் கிடைக்காது, இது எல்லோரும் செய்கிற தப்புதான். பட்டனை விட்டுவிட்டு டேட்டாபேஸை நேரடியாகத் திறந்து, அழிக்கும் கட்டளையைக் கையாலேயே அடித்தேன். மேற்கோள் போட்டு அடித்தேன், போடாமல் அடித்தேன். பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று துடைத்துப் பார்த்தேன். தேடினால் அந்த வரிசை கிடைக்கிறது. அழித்தால் அழியவில்லை. பிழை என்று ஒரு வார்த்தையாவது வரக்கூடாதா? வரவில்லை. திட்டினால் திருப்பித் திட்டுகிறவனோடு சண்டை போடலாம், சும்மா உட்கார்ந்திருக்கிறவனை என்ன செய்வது?

பின்னால் பெரியம்மா குரல் கேட்டது. "இந்தக் கத்திரிப்பூவ விரிங்க. ஜரிகயப் பாரு, எப்படி மின்னுது!"

"ஏங்க," என்றாள் கல்பனா, மெதுவாக.

நான் திரும்பவில்லை. கையை மட்டும் தூக்கினேன். (போட்டோ ஒன்று.)

அடுத்து, அழித்ததைச் சேமிக்கவே இல்லையோ என்று சந்தேகம். அழி என்று சொன்னால் மட்டும் போதாது, சொன்னதை உறுதி செய் என்றும் சொல்ல வேண்டும். பார்த்தேன், சொல்லித்தான் இருந்தேன். திரையில் திறந்திருக்கும் வேறு ஏதாவது ஜன்னல் அந்த ஃபைலைப் பூட்டி வைத்திருக்கிறதோ? திறந்திருந்த எல்லாவற்றையும் மூடினேன். அதில் சாந்தி அக்கா பாதியில் நிறுத்தி வைத்திருந்த ஒரு பில்லும் போய்விட்டது. பில்லுக்காக நின்றுகொண்டிருந்த அம்மா, "இன்னாப்பா பேஜாரு பண்ற, நான் பஸ்ஸுக்குப் போவணும்" என்று கத்தினார். அவருக்கும் ஒரு கையைக் காட்டினேன்.

பிறகு ஃபைலே வேறோ என்று ஒரு பயம். தேடினால் அதே பெயரில் 'புதுசு' என்று ஒன்று, 'புதுசு சரியானது' என்று ஒன்று, 'இதுதான் கடைசி' என்று ஒன்று. எல்லாம் என் கைவேலை. எதில் அழிக்கிறேன், எதிலிருந்து படிக்கிறேன் என்று பாதையை எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். சரியான ஃபைல்தான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மேசைக்கு அடியில் யுபிஎஸ் கீச்சுகீச்சென்று கத்த ஆரம்பித்தது. காற்றாடி நின்று வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. மாமா, "நேரம் ஆவுது, நேரம் ஆவுது" என்று வாசலுக்கும் விரிப்புக்கும் நடந்துகொண்டிருந்தார். எனக்குக் கால் தானாக ஆடியது.

"பொண்ணுக்கு இது எடுப்பா இருக்கும். இதையே வெச்சுக்கலாம்," இது பெரியம்மா.

"அத்த, அந்த மயில்கழுத்து கலர ஒரு தடவ..." என்று கல்பனா ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் ரிசப்ஷனுக்குக் கட்டறது கண்ணு. முகூர்த்தத்துக்கு இதான்."

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்."

குரல் கம்மியிருந்தது. எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. அதுதான் இன்றைக்கும் எனக்கு வலிக்கிற இடம். கேட்டும் நான் கையைத்தான் தூக்கினேன். என் தம்பி அதையும் படம் பிடித்தான். அவனுக்கு அன்று வேறு வேலை இல்லை.

கரண்ட் வந்தது. சோதனைக்கு வேறு ஒரு வரிசையை அழித்துப் பார்க்கலாம் என்று கட்டளையை அடித்தேன். படபடப்பில், எந்த வரிசை என்று சொல்லும் பகுதியை எழுதாமலே என்டரைத் தட்டிவிட்டேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இது, "அந்தப் புடவையை எடு" என்பதற்குப் பதிலாக "கடையையே வாரிக் கொட்டு" என்று சொல்வது. அண்ணன் கடையின் அத்தனை புடவையும் ஒரு தட்டில் போய்விட்டது. பின்னால் அண்ணன் தாம்பாளம் எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. இந்த விஷயம் தெரிந்தால் அதே தாம்பாளத்தில் என் தலையை வைப்பார்.

அட்டவணையைத் திறந்தேன். முழுதும் காலியாகவில்லை. கொஞ்சம் புடவைகள் மிச்சம் இருந்தன. பார்த்தால், ஒவ்வொரு ரகத்திலும் ஒன்று. அன்னப்பட்சி ரகத்தில் ஒன்று. கோபுரக் கரையில் ஒன்று. ருத்ராட்சத்தில் ஒன்று. மயில் பொடியில் ஒன்று, அது மாம்பழ மஞ்சள்.

ரகத்துக்கு ஒன்று. சரியாக ரகத்துக்கு ஒன்று.

எனக்கு அந்த இடத்திலேயே உறைத்துவிட்டது. புரோகிராம் கொடுத்த புதிதில், ஒரு ரகம் தீர்ந்து திரையில் 'காலி' என்று வந்ததைப் பார்த்து அண்ணன் பதறிப்போனார். "கடையில காலின்னு ஒண்ணு தெரியவே கூடாதுப்பா. அரிசிப் பானையக்கூட நாம சுத்தமா வழிக்கறதில்ல. எந்த ரகமா இருந்தாலும் ஒண்ணாச்சும் நிக்கணும்" என்றார். அறிவுள்ளவன் திரையில் அந்தச் சொல்லை மட்டும் மாற்றி, 'விரைவில் வரும்' என்று போட்டிருப்பான். நான் சாஃப்ட்வேர் சிவா ஆயிற்றே! டேட்டாபேஸுக்குள்ளேயே ஒரு காவல்காரனை நிறுத்தினேன். டிரிக்கர் என்பார்கள். யாராவது ஒரு வரிசையை அழிக்க வந்தால் அது முன்னால் நின்று எண்ணிப் பார்க்கும். அந்த ரகத்தில் அதுதான் கடைசி என்றால் அழிக்க விடாது. அதையாவது சத்தம் போட்டுச் சொல்ல வைத்தேனா? பிழைச் செய்தி வந்தால் சாந்தி அக்கா பயப்படுவார் என்று, சத்தமில்லாமல் கண்டுகொள்ளாமல் விட்டுவிடச் சொல்லியிருந்தேன். பட்டனும் எதையும் சரிபார்க்காமல் 'அழிக்கப்பட்டது' என்று பச்சையாகக் காட்டும். இரண்டையும் செய்த மகாராசன் அதைச் சுத்தமாக மறந்தும் போனான். கல்பனாவின் மயில் புடவை அந்த ரகத்தில் ஒன்றே ஒன்றுதான் நெய்தது. அதனால் அது உலகம் அழிந்தாலும் போயிருக்காது.

நல்லவேளை, வாரிக் கொட்டியதை இன்னும் உறுதி செய்யவில்லை. பின்வாங்கச் சொன்னேன். அத்தனை புடவைகளும் திரும்பி வந்து உட்கார்ந்தன. பெருமூச்சு விட்டு, அந்தக் காவல்காரனைத் தூக்கி எறிந்தேன். மாம்பழ மஞ்சளை அழிக்கச் சொன்னேன். அழிந்தது ஒரு வரிசை என்று வந்தது. பட்டியலைத் திறந்தேன். மயில் இல்லை.

அப்போது எனக்கு வந்த சந்தோஷம் வேலை கிடைத்தபோதுகூட வந்ததில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, இரண்டு கையையும் தூக்கி, கடை அதிரக் கத்தினேன்.

"போயிடுச்சு! போயிடுச்சு! ஐயோ, போயே போயிடுச்சு!"

திரும்பிப் பார்த்தேன். சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. தாம்பாளத்தில் கத்திரிப்பூ நிறப் புடவை, அதன் மேல் மஞ்சள், குங்குமம், ஒரு முழம் மல்லி. பெரியம்மா தாம்பாளத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார். கல்பனா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். கண் நிறையத் தண்ணீர். முகூர்த்தப் புடவை பெண் கைக்குப் போகிற அந்த நொடியில், இல்லை என்றுகூடச் சொல்லாத கடையில், மாப்பிள்ளை இப்படிக் கத்தியிருக்கிறான்.

"இன்னாடா போச்சு? எது போச்சு?" பெரியம்மா பதறினார்.

"மஞ்சப் பொடவ பெரியம்மா. இவ்வளவு நேரம் போவாம இருந்துச்சு. இப்ப போயிடுச்சு."

"மறுபடியும் சொல்றான் பாரு! நல்ல காரியம் நடந்துகினு கீது, கற்பூரம் எரியுது, போச்சு போச்சுன்னு கத்தறான் பாரு!"

அப்பா குறுக்கே வந்தார். "அண்ணி, அவன் கம்ப்யூட்டரச் சொல்றான்."

"எதச் சொன்னா இன்னா, சொல்லிட்டான் இல்ல? என் காதுல விழுந்துச்சு, சாமி காதுல விழுந்துச்சு." பெரியம்மா தாம்பாளத்தைக் கீழே வைத்தார். "இந்தப் பொடவ வேணாம். எடுத்து உள்ள வைங்க."

பெண் வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்பனாவின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். புடவையோடு நின்றால் பரவாயில்லை, கல்யாணமே வேண்டாம் என்று வேனில் ஏறிவிட்டால்? "பத்தரைக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான் கீது. எடுக்கறதுன்னா இப்பவே எடுங்க!" என்று மாமா கத்தினார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பெரியம்மா அதிர்ச்சியில் தண்ணீர் கேட்டார்.

கல்பனா குனிந்தாள். குவியலின் அடியில் கையை விட்டு, மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவையை உருவினாள். தாமோதரன் அண்ணனின் கையில் நேராகக் கொடுத்தாள்.

"இது."

பெரியம்மா வாயிலிருந்த தண்ணீரை விழுங்குவதற்குள் அண்ணன் புதுக் கற்பூரம் ஏற்றிவிட்டார். எத்தனை கல்யாணம் பார்த்த மனுஷன்! ராகு காலம் பிறக்கும் முன்னால் மயில்கழுத்து கல்பனாவின் கைக்குப் போய்விட்டது.

வேனில் ஏறும்போது நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"பக்கத்துல இருப்பேன்னு சொன்னீங்களே?"

வெட்கத்தில் செத்தேன்.

அந்த வாரம் முழுக்க அவள் போனை எடுக்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் உட்கார முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. பிரிண்டரோடு சண்டை போட்டேன். அவள் வேலை செய்கிற பரிசோதனைக் கூடத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றுவிட்டு, உள்ளே போகத் தைரியம் இல்லாமல் திரும்பினேன். கல்யாணம் நின்றுவிடும் என்றே முடிவு கட்டியிருந்தேன். ஒரு நாள் மாலை அவளே கூப்பிட்டாள்.

"சரி, சொல்லுங்க. அது ஏன் போவல?"

ஒன்று விடாமல் சொன்னேன். அரிசிப் பானை, காவல்காரன், பச்சை எழுத்து, எல்லாம். அவள் "உம்" கொட்டாமல் கேட்டாள். கடைசியில் அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. ஒண்ணு இல்லன்னா, இல்லன்னு சொல்லிடுங்க. போதும்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சர்க்கரை தீர்ந்தால், தீர்ந்துவிட்டது என்று தெருவுக்கே கேட்கச் சொல்கிறேன்.

விஷயம் அதோடு முடியவில்லை. நான் கத்தியதால்தான் கல்பனா கத்திரிப்பூவிலிருந்து தப்பினாள் என்ற செய்தி, இரண்டு பக்கக் கல்யாண வயதுப் பெண்களிடமும் பரவிவிட்டது. கல்பனாவின் சித்தப்பா மகளுக்குப் பட்டு எடுக்கும்போது, "மாமா, நீங்க கண்டிப்பா வரணும்" என்று அவளே தனியாக வந்து அழைத்தாள். எனக்கு என்ன மரியாதை என்று பூரித்துப் போனேன். போனால், பிடிக்காத புடவையைப் பெரியவர்கள் தூக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டுகிறாள். நான் தொண்டையைத்தான் செருமினேன். அந்தப் புடவை உள்ளே போய்விட்டது. அதற்குப் பிறகு பெரியவர்கள் உஷாராகி, எந்தப் பட்டு எடுப்புக்கும் எனக்குத் தகவல் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள்.

சமீபத்தில் நாகம்மா பெரியம்மாவின் கடைசி மகள் வித்யாவுக்குப் புடவை எடுத்தார்கள். "சிவா மட்டும் வேணாம்" என்று பெரியம்மா எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் வீட்டில் லுங்கியோடு படுத்திருந்தேன். கல்பனா கடையிலிருந்து போன் செய்தாள், குசுகுசுவென்று.

"ஜல்தி கெளம்பி வாங்க. கத்திரிப்பூவ எடுத்துட்டாங்க. வித்யா அழுதுடும் போலக் கீது."

பேண்ட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். கம்ப்யூட்டர் இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக விரிப்பில் போய் வித்யாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றும் பேசவில்லை. பெரியம்மா தாம்பாளத்தில் புடவையை வைத்து, மஞ்சளை எடுத்துக்கொண்டே நிமிர்ந்தவர், என்னைப் பார்த்தார். கை அப்படியே நின்றது. நான் மூச்சை உள்ளே இழுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

பெரியம்மா கத்திரிப்பூவைத் தாம்பாளத்திலிருந்து தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"டேய் சிவா, உன்னக் கையெடுத்துக் கும்பிடறேன், வாயத் தொறக்காத," என்றார். பிறகு மகளைப் பார்த்து, "நீயே எடும்மா" என்றார்.